குண்டளை ரயில் போன வழி

1902ஆம் ஆண்டு மூணாறு மலையில் ஓடத் தொடங்கிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலுக்கு ஒரே ஒரு தண்டவாளம்தான். சாலையின் ஓரமாக அது கிடக்கும். வண்டியின் அடியில் இருக்கும் சிறிய இரும்புச் சக்கரங்கள் அதன்மேல் உட்கார்ந்து உருளும். வண்டி சாயாமல் இருப்பதற்காக ஒரு பக்கம் நீட்டிய அச்சில் பெரிய சக்கரம் ஒன்று மண் சாலையிலேயே உருண்டுவரும். சுமையின் பெரும்பங்கைத் தண்டவாளம் தாங்கிக்கொள்ளும். பெரிய சக்கரத்துக்கு வண்டியை நிமிர்த்தி வைத்திருப்பது மட்டுமே வேலை. இழுத்தவை காளைகள். யூயிங் முறை என்று இதற்குப் பெயர். பஞ்சாபில் பட்டியாலா சமஸ்தானம் 1907இல் போட்ட ஒற்றைத் தண்டவாள ரயிலும் இந்த வகைதான். அந்த ரயிலை இன்றும் தில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். மூணாறு தேயிலை அருங்காட்சியகத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலின் நினைவாக ஒரு சக்கரம் இருக்கிறது.

காளை இழுக்கும் ரயில் அந்த உயரத்துக்கு ஏன் வந்தது? 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். சின்கோனா, காப்பி, ஏலம் என்று பலவும் நட்டுப் பார்த்த பின் தேயிலை நிலைத்தது. 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. விளைந்ததை வெளியே கொண்டுபோவதுதான் பெரும்பாடு. மேற்கே திருவிதாங்கூர்ச் சமவெளிக்கு நீண்ட காட்டு வழி. கிழக்கே மலை சட்டென்று முடிந்து மதுரைச் சீமைக்குள் செங்குத்தாக இறங்குகிறது. அடிவாரத்தில் கொட்டகுடி, அதைத் தாண்டிப் போடிநாயக்கனூர். ஆட்கள் ஏறி வந்ததும், அரிசி பருப்பு வந்ததும் போடிப் பக்கமிருந்துதான். வரைபடத்தில் மூணாறு திருவிதாங்கூரில் இருந்தது. அதன் சோறு போடியிலிருந்து வந்தது.

1908இல் ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளம் போட்டார்கள். காளைகளுக்குப் பதிலாக நீராவி எஞ்சின்கள் வந்தன. ரயில் மூணாறில் கிளம்பி மாட்டுப்பட்டி, பாலாறு வழியாகக் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஏறி மலை விளிம்பில் போய் நிற்கும். அந்தக் கடைசி நிறுத்தம்தான் டாப் ஸ்டேஷன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர். இன்று அங்கே போய் மேகத்தைப் படம் எடுக்கும் பலருக்கு அந்தப் பெயரில் உள்ள ஸ்டேஷன் ரயில் ஸ்டேஷன் என்பது தெரியாது. தேயிலைப் பெட்டிகள் அங்கே இறங்கும். அங்கிருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளமுள்ள ரோப்வேயில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும். கீழே இருந்த இடத்துக்கு பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். மலையேறுபவர்கள் இன்றும் நடுவழியில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஓர் இடத்தைச் சொல்வார்கள். கொட்டகுடியிலிருந்து போடிக்கு 15 கிலோமீட்டர் மாட்டு வண்டி. போடிக்கே ரயில் வந்தது 1928இல்தான். மலைமேல் ஓடிய ரயில் அதற்கு நான்கு ஆண்டு முன்பே அழிந்துவிட்டது. இரண்டு பாதைகளும் ஒருநாளும் ஒரே காலத்தில் ஓடவில்லை. அதுவரை போடியைத் தாண்டியும் மாட்டு வண்டிதான், மதுரை–திண்டுக்கல் ரயில் பாதையைத் தொடும்வரை.

1924 ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099 கர்க்கடக மாதத்தில், அந்த மழை வந்தது. கேரளத்தில் அதை இன்றும் ‘99 வெள்ளம்’ என்றே சொல்கிறார்கள். மூணாறில் பல நாள் விடாமல் கொட்டியது. மாட்டுப்பட்டிக்கு அருகில் மண் சரிந்து ஆற்றை அடைத்து, பின்பு அந்த அடைப்பு உடைந்து நீர் மொத்தமாக மூணாறுமேல் பாய்ந்ததாகச் சொல்லப்படுகிறது. ரயில் பாதை, பாலங்கள், தொழிற்சாலைகள், கடைத்தெரு எல்லாம் போயின. கம்பெனி ரயிலை மறுபடி போடவில்லை. லாரியும் சாலையும் வரும் காலம் அது. சிதைந்த பாதைக்குப் பணம் போட யாருக்கும் தேவையிருக்கவில்லை. மூணாறு ரயில் நிலையக் கட்டடம் தப்பித்தது. பிறகு தேயிலைக் கம்பெனியின் அலுவலகமானது. ரயில் போன வழியைப் பல இடங்களில் இன்றைய மூணாறு–டாப் ஸ்டேஷன் சாலை எடுத்துக்கொண்டது. சில துண்டுகள் தேயிலைச் செடிகளுக்குள் மறைந்தன. பின்னாளில் குண்டளையிலும் மாட்டுப்பட்டியிலும் வந்த அணைகள் பள்ளத்தாக்கின் உருவத்தையே மாற்றின.

நூறாண்டு கழிந்த ஒரு ரயில் தடத்தைப் பற்றி இப்போது எழுத என்ன அவசியம் என்று கேட்கலாம். ரயில் தடத்தின் தனிக் குணத்தைப் புரிந்துகொண்டால் அவசியம் விளங்கும்.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் ஓர் எஞ்சின் பல பெட்டிகளை இழுக்க முடிகிறது. அதே காரணத்தால் ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும். சாதாரண ரயிலுக்கு 40 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறுவதே கடினமான ஏற்றம். மலை ரயில்கள் சில 25க்கு 1 வரை போகும். அதற்கு மேல் செங்குத்தானால் பெரும்பாலும் பல் தண்டவாளம் வேண்டும், இல்லையென்றால் மலையைச் சுற்றிச் சுற்றி வளைந்து தூரத்தைக் கூட்டவேண்டும். ஆகவே மலையில் ரயில் போட்டவர்கள் ஏற்றத்தைப் பிடிவாதமாகக் குறைத்தார்கள். பாறையைக் குடைந்தார்கள், ஓடைக்குக் குறுக்கே சிறுபாலம் கட்டினார்கள், பள்ளத்தை மண் கொட்டி மேடாக்கினார்கள். ஒவ்வொரு முழத்துக்கும் மனித உழைப்பு கொட்டப்பட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்த பிறகும் அந்த உழைப்பு தடமாகக் கிடக்கிறது. 100 மீட்டருக்கு 4 மீட்டர் மட்டுமே ஏறும் ஒரு வழி மலையில் வேறு எங்கும் அவ்வளவு எளிதாகக் கிடைக்காது. மூட்டு வலிக்காரர் நடக்கலாம். குழந்தைகள் சைக்கிள் ஓட்டலாம். தரை சீராக இருந்தால் சக்கர நாற்காலியும் போகலாம். ஒற்றையடிப் பாதைகள் இளைஞர்களுக்கானவை. பழைய ரயில் தடமோ பாட்டியும் பேரனும் சேர்ந்தே போகக்கூடியது.

இதை உலகில் பல நாடுகள் கண்டுகொண்டன. குண்டளைக்கு மிக நெருங்கிய கதை அமெரிக்காவில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் அருகே ஆல்டடீனாவிலிருந்து தாடியஸ் லோ என்பவர் 1893இல் மலைமேல் ஒரு ரயிலைத் திறந்தார். முதலில் கம்பி வடத்தால் இழுக்கப்படும் செங்குத்தான பாதை, அதன் உச்சியிலிருந்து வளைந்து வளைந்து செல்லும் மின்சார டிராம். சரக்குக்காக அல்ல, சுற்றுலாவுக்காகவே கட்டப்பட்டது. மேலே இருந்த விடுதிகள் ஒவ்வொன்றாகத் தீக்கு இரையாயின. 1938 மார்ச்சில் பெருவெள்ளம் பாதையைச் சிதைத்தது. அத்துடன் மவுண்ட் லோ ரயில் முடிந்தது. இதுவரை மூணாறின் கதையேதான். அதன் பிறகு வழி பிரிகிறது. அந்தத் தடத்தில் மக்கள் நடந்தார்கள். அது மலையேற்றப் பாதையாகப் பேணப்பட்டது. ரயிலின் வரலாற்றை நேசித்த தன்னார்வலர்கள் வழியெங்கும் பழைய படங்களோடு விளக்கப் பலகைகள் வைத்தார்கள். கம்பி வடத்தை இழுத்த பெரிய இரும்புச் சக்கரம் எக்கோ மலையில் வெட்டவெளியில் இன்னும் நிற்கிறது. 2025 ஜனவரியில் அந்த மலைச்சரிவுகளைக் காட்டுத் தீ எரித்தபோதும் அதை மீட்க வேண்டும் என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள்.

ஜப்பானில் உள்ள உதாரணம் தமிழர்களுக்கு இன்னும் அணுக்கமானது. உசுயி கணவாயில் 1893இல் திறந்த ரயில் ஆப்ட் முறையிலான பல் தண்டவாளத்தில் ஏறியது. தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரும்புச் சட்டங்கள், எஞ்சினின் பற்சக்கரம் அவற்றைக் கவ்விக்கொண்டு ஏறும். ஆறு ஆண்டு கழித்து, 1899இல், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறிய நம் நீலகிரி மலை ரயிலும் அதே ஆப்ட் முறையில்தான் ஏறுகிறது. நீலகிரியில் ஏற்றம் ஏறக்குறைய 12க்கு 1 வரை. உசுயியில் 1963இல் பல் தண்டவாளத்தைக் கைவிட்டார்கள். 1997இல் அந்தக் கணவாய் வழியே ரயிலே நின்றது. 2001இல் பழைய தடத்தின் ஒரு பகுதி நடைபாதையாகத் திறக்கப்பட்டது. பின்னர் அது நீண்டு, இன்று யொகொகவாவிலிருந்து குமனோதைரா வரை 6 கிலோமீட்டர், பத்து சுரங்கங்கள், செங்கல்லால் கட்டிய உயரமான வளைவுப் பாலம் ஒன்று. அந்தப் பாதைக்கு அவர்கள் வைத்த பெயரே ஆப்ட் வழி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுரங்கத்துக்குள் விளக்கொளியில் நடந்து போகிறார்கள்.

நம் நீலகிரி ரயில் சாகவில்லை. 46 கிலோமீட்டர், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள், 208 வளைவுகள். 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கல்லாறு–குன்னூர் இடையே மண் சரிந்து பாதை மூடுவதும், கேங்மேன்கள் மழையில் நின்று பாறையை அகற்றுவதும் வழக்கமாகிவிட்டது. அந்த ரயில் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். ஓடும் ரயிலைப் பாதையாக்கச் சொல்ல யாரும் துணியமாட்டார்கள். என் கவலை ஓடாத ரயில்களைப் பற்றியது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. ரயில் கம்பெனி ஒரு பாதையைக் கைவிட்டால், பல இடங்களில் அந்த நிலம் துண்டு துண்டாக அண்டை நிலக்காரர்களிடம் போய்விடும். ஒரு துண்டு போனால் பாதையே போன மாதிரி. 1983இல் கொண்டுவந்த திருத்தம், நடைபாதையாகப் பயன்படும் காலம்வரை அதை எதிர்கால ரயிலுக்காக ஒதுக்கி வைத்த நிலமாகவே கருதச் சொன்னது. நிலம் ஒரே நாடாவாக நின்றது. விஸ்கான்சினில் 1960களில் தொடங்கிய இந்த வேலை இன்று 40,000 கிலோமீட்டருக்கு மேல் பரவியிருக்கிறது. ஸ்பெயினில் 1993 முதல் பசுமை வழிகள் என்ற திட்டம். நியூசிலாந்தில் ஒட்டாகோ பகுதியில் 1990இல் நின்ற ரயில் பாதையை 2000இல் 150 கிலோமீட்டர் சைக்கிள் பாதையாகத் திறந்தார்கள். ரயில் போனதும் காலியாகிக்கொண்டிருந்த சிற்றூர்களுக்குத் தங்கும் விடுதியும் சாப்பாட்டுக் கடையும் வந்தன.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே ரயில்வே ஒரு பாதையை மூடுவது அபூர்வம். நான் எழுதும் இந்தக் கடலூர், சிதம்பரம் பகுதியையே பாருங்கள். விழுப்புரம்–மயிலாடுதுறை மீட்டர் கேஜ் பாதையை 2006 இறுதியில் நிறுத்தினார்கள். 2010இல் அதே மேட்டில் அகலப் பாதை ஓடியது. பழைய பாதை புதிய பாதைக்குள் அடங்கிவிட்டது. நம் ஊரில் தடம் கைவிடப்படுவதில்லை, அகலமாகிறது. கைவிடப்பட்டவையோ பெரும்பாலும் ரயில்வேயின் சொத்தே அல்ல. குண்டளை ரயில் தேயிலைக் கம்பெனியுடையது. கொச்சி வனத்துறை டிராம் ஒரு சமஸ்தானத்துடையது. ரயில்வே சட்டத்தின் பார்வை அவற்றின்மேல் விழவில்லை. அதனால் அவற்றுக்கென்று ஒரு கொள்கையும் பிறக்கவில்லை.

ஆனால் மக்கள் கொள்கைக்காகக் காத்திருக்கவில்லை. கர்நாடகத்தில் ஹாசன்–மங்களூர் மீட்டர் கேஜ் பாதை 1996இல் அகலப்படுத்துவதற்காக நின்றது. சக்லேஷ்பூரிலிருந்து சுப்ரமண்யா வரை 57 சுரங்கங்கள், 109 பாலங்கள், இரு பக்கமும் மழைக்காடு. பத்தாண்டுக் காலம் ரயில் இல்லை. பெங்களூரு இளைஞர்கள் சனி ஞாயிறுகளில் டோணிகல்லிலிருந்து எடகுமாரி நோக்கி ஸ்லீப்பர் கட்டைகளில் கால் வைத்து நடக்கத் தொடங்கினார்கள். யாரும் திட்டமிடாமலே இந்தியாவின் பெரிய ரயில் நடைபாதை ஒன்று உருவாயிற்று. 2006இல் சரக்கு ரயில் ஓடத் தொடங்கிய பின்னும் நடப்பவர்கள் நிற்கவில்லை, தடை வந்தது. கோவாவில் தூத்சாகர் அருவிக்குத் தண்டவாளத்தில் நடந்து வந்த கூட்டத்தை 2023 ஜூலையில் போலீசார் தோப்புக்கரணம் போட வைத்த காட்சி நாடெங்கும் பரவியது. தண்டவாளத்தில் நடப்பது 1989 ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். ஓடும் பாதையில் அந்தத் தடை சரி. மலை ரயில் தடத்தில் நடக்க மக்களுக்கு இவ்வளவு ஆசை இருக்கும்போது, ரயில் ஓடாத தடத்தை அவர்களுக்குத் திறந்துவிடாமல் வைத்திருப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

கொச்சி வனத்துறை டிராம் தனிக் கட்டுரைக்குரியது. இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். பரம்பிக்குளத்துத் தேக்கைச் சாலக்குடிக்கு இறக்க 1907இல் ஓடத் தொடங்கிய மீட்டர் கேஜ் பாதை, சுமார் 80 கிலோமீட்டர். திட்டத்தை முன்னெடுத்தவர்களில் ஒருவர் கொச்சியின் வனக் காப்பாளராக இருந்த ஆழ்வார் செட்டி. எஞ்சின்கள் ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் கோப்பல் கம்பெனியுடையவை. எஞ்சின் ஏற முடியாத செங்குத்தான சரிவுகளில் கம்பி வடம் கட்டியிருந்தார்கள். மரம் ஏற்றிய வண்டி இறங்கும் கனத்தில் காலி வண்டி மேலே ஏறும். எஞ்சினே வேண்டாம், பிரேக் பிடிக்க ஆள் இருந்தால் போதும். 1963இல் நின்றது. தேக்கு தீர்ந்துகொண்டே வந்ததும் லாரி வந்ததும் காரணம். தடத்தின் மேற்பகுதி இன்று பரம்பிக்குளம் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. பொள்ளாச்சி, சேத்துமடை, டாப் ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்துதான் அங்கே போகவேண்டும். காடர், மலசர், முதுவர் சமூகத்தினர் வழிகாட்டிகளாக வருகிறார்கள். காட்டைத் தின்ற ரயிலின் தடத்தில், அந்தக் காட்டின் பழங்குடிகள் முன்னே நடக்க, குறைந்த எண்ணிக்கையில் ஆட்கள் பின்தொடரும் ஏற்பாடு நியாயமானது. புலிக்காட்டுக்குள் சைக்கிள் பாதை கேட்பது தவறு. எல்லாத் தடத்துக்கும் ஒரே தீர்வு பொருந்தாது.

இலங்கையில் இந்தக் கதைக்கு இன்னொரு முகம் உண்டு. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை 1903, 1904 ஆண்டுகளில் உடப்புசல்லாவை ரயில் திறக்கப்பட்டது. இரண்டரை அடி அகலம், சுமார் 31 கிலோமீட்டர், தேயிலைதான் முக்கியச் சரக்கு. பஸ்ஸும் லாரியும் போட்டிக்கு வர, 1940களில் அதுவும் மூடப்பட்டது. அதே மலைநாட்டில் இன்று பீக்கோ ட்ரெயில் என்ற நெடுநடைப் பாதை இருக்கிறது. 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டங்கள், கண்டியில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி அமைப்பும் பணம் கொடுத்தன. பழைய தேயிலைத் தோட்ட வழிகளையே பெரும்பாலும் இணைத்திருக்கிறார்கள். உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்து நடக்கிறார்கள், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களைத் தாண்டிப் போகிறார்கள், கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் எடுக்கிறார்கள்.

பீக்கோ ட்ரெயில் திறந்த அதே 2023இல் இன்னொரு நடையும் நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு ஆட்கள் போய் 200 ஆண்டு ஆனதை ஒட்டி, மலையகத் தமிழர்கள் தலைமன்னாரில் கிளம்பி மாத்தளைவரை நடந்தார்கள். ஜூலை இறுதியில் தொடங்கி ஆகஸ்டில் முடிந்த நடை. அவர்களுடைய முன்னோர் கப்பலிறங்கிக் காட்டு வழியே நடந்து, வழியிலேயே காய்ச்சலிலும் பசியிலும் பலர் செத்த பாதை அது. மாத்தளையில் முடிந்த அந்த நடையில் நில உரிமையும் வீட்டுரிமையும் கேட்டார்கள். ஒரே மலைநாட்டில் ஒரே ஆண்டில் இரண்டு நடைகள். ஒன்றின் விளக்கப் பலகையில் இன்னொன்றின் வரலாறு எத்தனை வரி இடம் பெறுகிறது என்பதை வைத்துத்தான் அந்தப் பாதையை நான் மதிப்பிடுவேன்.

மூணாறுக்கும் இது பொருந்தும். கண்ணன் தேவன் மலையில் கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் மதுரை, திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழர்கள். கங்காணி முன்னே நடக்க, குழந்தையையும் கலயத்தையும் தூக்கிக்கொண்டு கொட்டகுடி வழியாக ஏறினார்கள். ரோப்வேயில் தேயிலை இறங்கியது. மனிதர்கள் அதற்குக் கீழே கால்நடையாக ஏறினார்கள். 2020 ஆகஸ்டில் ராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தபோது இறந்த 70 பேரில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். பலருக்குக் கயத்தாறு பக்கம் பூர்வீகம். 1924இல் ரயிலைத் தூக்கிக்கொண்டு போனதும் இதே மழை, இதே மண். பழைய ரயில் தடத்தில் ஒரு பாதை போடுவதென்றால் அதில் எஞ்சினின் வரலாற்றோடு இந்த மனிதர்களின் வரலாறும் சேர்ந்தே எழுதப்படவேண்டும். சுற்றுலாத் துறைகள் இதைத் தாமாகச் செய்யாது. தோட்டத் தொழிலாளர் சங்கங்களும் மூணாறின் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களும் உட்கார்ந்து எழுதினால்தான் நடக்கும்.

அதே மலை அடிவாரத்தில் உள்ள குரங்கணியை மறந்துவிட்டும் பேச முடியாது. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக் குழுக்கள் காய்ந்த புல்லில் பற்றிய தீயில் சிக்கின. 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் வயதினர். அந்த மாதத்தில் அந்தச் சரிவில் இடுப்பளவு போதைப்புல் சருகாக நிற்கும். காற்று கீழிருந்து மேலே அடிக்கும். தீ அந்தக் காற்றோடு மனிதரைவிட வேகமாக ஏறும். அதன் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை முறைப்படி திறந்தது. இணையத்தில் பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி, எண்ணிக்கைக் கட்டுப்பாடு. இது நல்ல தொடக்கம். குண்டளைத் தடத்துக்கான அடித்தளம் ஏற்கெனவே அந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

குண்டளை வழியை நான் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன்வரை ரயில் போன வழி. ஏற்றம் மெல்லியது, தேயிலை நடுவே போவதால் காட்டுத் தீ அபாயம் குறைவு. அங்கே சாலை தின்னாமல் விட்ட துண்டுகளைக் கண்டுபிடித்து இணைத்தால் முதியவரும் நடக்கலாம். டாப் ஸ்டேஷனுக்குக் கீழே கதை வேறு. அங்கே ரயில் போனதே இல்லை. ரோப்வே ஆகாயத்தில் போயிற்று. தரையில் உள்ளது செங்குத்தான ஒற்றையடிப் பாதை, கொட்டகுடிவரை. அது மலையேற்றம். கோடை மாதங்களில் மூடவேண்டிய பாதை. இரண்டையும் ஒரே பெயரில் விளம்பரம் செய்தால் மறுபடி ஒரு குரங்கணிக்கு வழி திறந்தாகிவிடும்.

ரயிலையே மீண்டும் ஓட்டலாம் என்ற பேச்சும் எழுந்தது. சுற்றுலாப் பயணிகளுக்கு அது பிடிக்கும். எனக்கு அதில் தயக்கம் உண்டு. மூணாறு சரிவுகளில் மறுபடி பாறையை உடைத்துத் தண்டவாளம் போடுவது 1924ஐயும் 2020ஐயும் படிக்காதவர் எடுக்கும் முடிவு. நடப்பவருக்கு நான்கடி அகலம் போதும். மழைக்காலத்தில் ஒரு துண்டு சரிந்தால் அதை மூடிவிட்டு அடுத்த வழியில் திருப்பிவிடலாம். ரயிலை அப்படித் திருப்ப முடியாது.

நிலம் யாருடையது என்பது அடுத்த கேள்வி. மேலே தேயிலைக் கம்பெனியின் குத்தகை நிலம், கேரளப் பொதுப்பணித் துறையின் சாலை, பாம்பாடும் சோலைத் தேசியப் பூங்காவின் எல்லை. கீழே தமிழ்நாடு வனத்துறை. இரண்டு மாநிலம், ஒரு கம்பெனி, இரண்டு வனத்துறை. அமெரிக்காவில் ஆயிரம் நிலக்காரர்களைச் சமாளிக்க ஒரு சட்டம் வேண்டியிருந்தது. இங்கே நான்கைந்து பேர் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். அந்த வகையில் நம் வேலை எளிது.

ஆனால் உட்காருவதற்கு முன் கையில் ஒரு வரைபடம் வேண்டும். பழைய சர்வே தாள்களில் அந்தப் பாதையின் கோடு எங்கெங்கே போகிறது, எந்தச் சிறுபாலம் இன்னும் நிற்கிறது, எந்தப் பாலத்தின் தூண் ஆற்றுக்குள் கிடக்கிறது, எந்த லயத்தின் பின்புறம் மேடு தெரிகிறது என்று நடந்து குறிக்கவேண்டும். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. தேனி, மதுரைக் கல்லூரிகளின் வரலாறு, புவியியல் மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் தோட்டத்து முதியவர்களோடு நடந்தால் முடிந்துவிடும். அந்த முதியவர்கள் ரயிலைப் பார்த்தவர்கள் இல்லை. ரயிலைப் பார்த்தவர்களிடம் கேட்டவர்கள். அவர்களும் போவதற்குள் தொடங்கவேண்டும், அடுத்த ஜூன் மழைக்கு முன்பாகவே.